கைபேசிக்குப் பொன்னாடை

செங்காட்டுவலசில் ரயில்வே கேட்டை எடுத்தது ஒரு புதன்கிழமை. அதற்கு ஐம்பத்திரண்டு நாட்களுக்கு முன்பே, ஷேர் ஆட்டோ ஓட்டும் செல்வநாயகியின் கைபேசிக்கு இனி எந்த மென்பொருள் புதுப்பிப்பும் வராது என்று அதைச் செய்த கம்பெனி ஒரே வரியில் அறிவித்துக் கைகழுவியிருந்தது. ஆகையால் கேட் போன செய்தி ஊரில் எல்லோருக்கும் தெரிந்தது, மேய்ச்சலுக்குப் போகும் எருமைகளுக்குக்கூட இரண்டு நாளில் தெரிந்துவிட்டது, அந்தக் கைபேசிக்கு மட்டும் தெரியவில்லை.

ஊரை இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது ரயில்பாதை. கிழக்கே வீடுகளும் விசைத்தறிக் கொட்டகைகளும் இருக்கின்றன. மேற்கே அரசு மருத்துவமனை, சந்தை, பள்ளிக்கூடம், பஸ் ஸ்டாண்டு. படுத்துத் தூங்கவும் தறி ஓட்டவும் கிழக்கு, மற்ற எல்லாவற்றுக்கும் மேற்கு என்று ஆகிப்போன ஊர் அது. கேட்டுக்குப் பதிலாகத் தெற்கே அரைக் கிலோமீட்டரில் ஒரு சுரங்கப்பாதை கட்டித் திறந்தார்கள். வெயில் காலத்தில் அது நல்ல சுரங்கப்பாதைதான். மழை பெய்தால் முதல் அரைமணியில் முழங்கால் அளவு, ஒரு மணியில் இடுப்பளவு, அதற்கு மேல் எவ்வளவு என்று தெரிந்துகொள்ளச் சுவரில் மஞ்சள் வண்ணத்தில் ஓர் அளவுகோல் வரைந்திருந்தார்கள். அங்கே ஒழுங்காக வேலை செய்தது அந்த அளவுகோல் ஒன்றுதான். அது வேண்டாம் என்றால் வடக்கே ஏரிக்கரை வழியாகப் பதினெட்டுக் கிலோமீட்டர் சுற்ற வேண்டும்.

செல்வநாயகியின் கணவர் மாரப்பன் தறி ஓட்டியவர். இரண்டு சிறுநீரகமும் பழுதான பிறகு செவ்வாயும் வெள்ளியும் மேற்கே அரசு மருத்துவமனையில் அவருக்கு டயாலிசிஸ், காலை எட்டு மணி ஷிப்டு. நாலு மணி நேரம் இயந்திரத்தோடு படுத்திருந்து எழுந்து வந்தால் மூன்று நாள் தாங்குவார். நாலாம் நாள் கால் வீங்கும். ஒரு தடவை தவறினால் என்ன ஆகும் என்று வார்டு நர்ஸ் ஸ்டெல்லா விளக்கமாகச் சொல்லியிருந்தார். இரண்டு தடவை தவறினால் என்ன ஆகும் என்று அவர் சொல்லவில்லை, இவர்களும் கேட்கவில்லை.

கேட் போன வருடத்து ஐப்பசியில் முதல் பெருமழை ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பிடித்துக்கொண்டது. சுரங்கப்பாதையில் மார்பளவு தண்ணீர் என்று எதிரே வந்தவர்கள் கைகாட்டிச் சொல்லிவிட்டுப் போக, பின்சீட்டில் போர்வையோடு மாரப்பன் உட்கார்ந்திருக்க, கண்ணாடியில் வழிந்த தண்ணீரில் முன்னால் எதுவும் தெரியாமல் செல்வநாயகி என்ன செய்வது என்று யோசித்துக்கொண்டிருந்தபோது, ஆட்டோவின் முகப்பில் பொருத்தியிருந்த அந்தக் கைபேசி, தன்னிடம் சேமித்து வைத்திருந்த பழைய வரைபடத்தைப் பார்த்து, இருநூறு மீட்டரில் வலதுபுறம் திரும்பவும் என்று எப்போதும் போலச் சொன்னது; பதினான்கு வருடம் திரும்பிப் பழகிய கை ஆகையால் அவளும் எப்போதும் போல வலதுபுறம் திரும்பினாள்; அங்கே கேட் இருந்தது, கேட்டுக்குப் பக்கத்தில் காவல் அறை இருந்தது, குறுக்குக் கம்பம் மேலே தூக்கியிருந்தது, மழைக்கோட்டு போட்ட கேட்கீப்பர் பச்சைக் கொடியை ஆட்டினார், ஆட்டோ தண்டவாளத்தில் இரண்டு முறை குலுங்கி அந்தப் பக்கம் இறங்கியது, ஒன்பதாவது நிமிடம் மருத்துவமனை வாசலில் நின்றது. மாரப்பனுக்கு ஊசி குத்தி இயந்திரம் ஓடத் தொடங்கிய பிறகுதான், வெளியே டீ வாங்கிக் குடித்துக்கொண்டிருந்த செல்வநாயகிக்கு, அந்தக் கேட்டைத்தான் ஆறு மாதத்துக்கு முன்னால் கிரேன் வைத்துப் பிடுங்கினார்களே என்பது நினைவுக்கு வந்தது. டீயைக் குடித்து முடித்தாள். திரும்பும்போதும் அதே வழியில் வந்தாள்.

வெள்ளிக்கிழமை அவளுக்குப் பின்னால் ஒரு பால் வண்டி வந்தது. அடுத்த செவ்வாய்க்கிழமை பால் வண்டியோடு ஒரு பள்ளி வேனும் மூன்று ஆட்டோவும் சேர்ந்தன. கார்த்திகைக்குள் மழை நாள் என்றால் காலை ஏழேகாலுக்கு வலதுபுறத் திருப்பத்தில் இருபது, முப்பது வண்டிகள் வரிசையில் நிற்பதும், செல்வநாயகியின் ஆட்டோ முன்னால் போக மற்றவை பின்னால் போவதும் ஊர் வழக்கமாகிவிட்டது. ஆட்டோ ஸ்டாண்டு செயலாளர் கந்தவேல் அதற்குச் சில விதிகளை ஏற்படுத்தினார். முன் வண்டியின் பின்விளக்கு கண்ணில் படும் தூரத்தில் வர வேண்டும். நடுவில் நிற்கக் கூடாது. இதை மதிக்காமல் ஒரு டெம்போ டிரைவர் பீடி பற்ற வைக்க நின்றார்; பற்ற வைத்து நிமிர்ந்தபோது முன்னால் வேலியும், 'இது பொதுவழி அல்ல' என்ற சிவப்புப் பலகையும்தான் இருந்தன. அன்று அவர் பதினெட்டுக் கிலோமீட்டர் சுற்றி வந்து சேர்ந்தார், அதன் பிறகு பீடியை மழை நாளில் தொடவில்லை. ஆம்புலன்ஸ் வந்தால் வரிசையில் இரண்டாவது இடம் அதற்கு என்றும், கல்யாணப் பெண் இருந்தால் பெண்ணைச் செல்வநாயகியின் ஆட்டோவிலேயே ஏற்ற வேண்டும் என்றும் பிற்பாடு சேர்த்துக்கொண்டார்கள். வெயில் நாளில் யாரும் அந்தப் பக்கம் போகவில்லை. சுரங்கப்பாதை இருக்கும்போது அது எதற்கு என்று இருந்துவிட்டார்கள்; கிடைத்ததை வீணடிக்கும் பழக்கம் அந்த ஊருக்கு இல்லை.

ரயில்வேயிலிருந்து ஒரு பொறியாளர் விசாரிக்க வந்தார். தை மாத வெயிலில் டேப் பிடித்து அளந்து பார்த்தார். வேலி இருந்தது, வேலிக்குள் சீமைக்கருவேல் இடுப்பு உயரம் வளர்ந்திருந்தது. குறிப்பிட்ட இடத்தில் கேட் ஏதும் இல்லை, இல்லாத கேட்டை மூடுவதற்கு விதிகளில் இடமில்லை என்று அறிக்கை எழுதினார். அடுத்த வருட மழையில் மேற்கே ஏதோ அவசர வேலை என்று வந்த அதே பொறியாளரின் ஜீப் வரிசையில் பதின்மூன்றாவதாக நின்றது. கேட்டைக் கடக்கும்போது அவர் ஜன்னலுக்கு மறுபக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

இங்கே பணியாற்றிய கேட்கீப்பர் அற்புதராஜ் நாசரேத்துப் பக்கத்துக்காரர். கேட் போன பின் அவரை அரக்கோணத்துக்கு அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள். மூன்றாவது மழைக்காலத்தில் அவர் கந்தவேலுக்குப் போன் செய்து, அங்கே நல்ல வெயில் அடிக்கும்போதும் சில நாள் தன் வலது கை காரணமில்லாமல் கடுக்கிறது, டாக்டரைப் பார்த்தால் ஒன்றும் இல்லை என்கிறார், உங்கள் ஊரில் மழையா என்று கேட்டார். மழை நாளில் கேட் வருவதையும் அங்கே ஒருவர் கொடி ஆட்டுவதையும் கந்தவேல் மறைக்காமல் சொன்னார். அற்புதராஜ், கொடி ஆட்டும் அந்த ஆளுக்கு யாராவது டீ கொடுக்கிறீர்களா என்று விசாரித்தார். கொடுக்கவில்லை என்பது அப்போதுதான் ஊருக்கு உறைத்தது. அன்றிலிருந்து வரிசையின் கடைசி வண்டி, நிற்காமல் வேகத்தை மட்டும் குறைத்து, ஒரு பிளாஸ்க் டீயைக் காவல் அறைத் திண்டில் வைத்துவிட்டுப் போகும். திரும்பும்போது பிளாஸ்க் காலியாக இருக்கும். கேட்கீப்பர் யாரிடமும் பேசியதில்லை. கொடி ஆட்டுவார், அவ்வளவுதான். பள்ளி வேன்காரர் மழை பெய்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, செல்வநாயகியின் ஆட்டோவைக் கேட்டருகே நிறுத்தச் சொல்லி, கம்பத்தின் கீலுக்கு எண்ணெய் போட்டார். தண்டவாளத்துக்கு இருபுறமும் பெயர்ந்திருந்த கற்களைப் பால் வண்டிக்காரர்கள் அடுக்கிச் சரிசெய்தார்கள்.

இதற்கிடையில் கைபேசிக்கு வயதாகிக்கொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டது பஜாரில் செல்போன் பழுதுபார்க்கும் கடை வைத்திருந்த ஜாபர். ஆதரவு நின்ற போன் ஒரே நாளில் சாவதில்லை, வீட்டிலிருந்து ஆட்கள் ஒவ்வொருவராக வெளியூர் போவது போல் அதிலிருந்து ஒவ்வொன்றாகக் கிளம்பிப் போகும் என்று அவர் ஆரம்பத்திலேயே சொல்லியிருந்தார். அப்படியே நடந்தது. முதலில் போனது வங்கிச் செயலி. பாதுகாப்பு போதாது என்று அது மரியாதையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போனது. அடுத்த வருடம் குடும்பத்தார் குழுவும் அதில் வரும் காலை வணக்கப் பூக்களும் போயின. பிறகு கேஸ் பதிவு செய்வது போனது, படம் பார்ப்பது போனது, கேமரா மங்கியது, திரையின் கீழ் விளிம்பில் ஒரு விரல் அகலத்துக்குத் தொடு உணர்ச்சி போயிற்று. பேட்டரி உப்பி முதுகு பிளந்தது. ஜாபர் எங்கிருந்தோ இன்னொன்றைத் தேடிப் பிடித்துப் போட்டார், பிறகு இன்னொன்றும். கடைசியில் வழி சொல்லும் குரலும் அந்தப் பழைய வரைபடமும் மட்டும் மிஞ்சின.

ஜாபரும் சில விதிகள் வைத்தார். சிம் கார்டைக் கழற்றிவிட வேண்டும். எண்பது சதவீதத்துக்கு மேல் சார்ஜ் ஏற்றக் கூடாது. வெயிலில் வைக்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்தக் காரணம் கொண்டும் இணையத்தைக் காட்டக் கூடாது, ஏனென்றால் உலகத்தில் நடப்பது தெரிந்துவிட்டால் அது கெட்டுப்போகும். செல்வநாயகி பேசுவதற்கு வேறொரு பட்டன் போன் வாங்கிக்கொண்டாள்.

இன்னும் எத்தனை நாள் ஓடும் என்பதுதான் நாலு வருடமும் ஊரின் பேச்சு. இரண்டு வருடம் என்று சொன்னவர்கள் இரண்டு வருடம் முடிந்ததும் மூன்று என்றார்கள். கம்பெனி விட்டுவிட்டால் விட்டதுதான், இனி அது வெறும் ஓடு என்று சந்தையில் ஒருவர் அடித்துச் சொன்னார். மாரப்பனிடமும் கேட்டார்கள்.

"கம்பெனிக்காரன் கைவிட்டதெல்லாம் நின்னு போறதா இருந்தா, நான் ஆறு வருசத்துக்கு முன்னாலயே நின்னிருக்கோணும்" என்றார் அவர். "ஓடற வரைக்கும் ஓடட்டும், உடுங்க."

ஐந்தாவது மழைக்காலம் தொடங்கும் முன் ஆட்டோ ஸ்டாண்டு சங்கம் கூடிப் பேசி, இவ்வளவு உதவி செய்த ஒரு பொருளுக்கு ஊர் ஒரு நன்றிகூடச் சொல்லவில்லையே என்று வருத்தப்பட்டு, பாராட்டு விழா எடுப்பதென்று ஒருமனதாக முடிவு செய்தது. செங்காட்டுவலசில் ஓய்வு பெறும் தலைமையாசிரியருக்கும் விழா உண்டு, மாநில அளவில் ஓடி வந்த பெண்ணுக்கும் விழா உண்டு, மாற்றலாகிப் போகும் சப்-இன்ஸ்பெக்டருக்குப் போனார் என்ற மகிழ்ச்சியிலாவது விழா உண்டு. செல்வநாயகி வேண்டாம் என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தாள். மழை தொடங்குவதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை அங்காளம்மன் மகாலில் மேடை போட்டார்கள். வாசலில் கைபேசியின் படம் போட்ட பிளெக்ஸ் பேனர் பதினைந்து அடி உயரத்தில் நின்றது. மேடையில் வெல்வெட் விரித்த நாற்காலியில் கைபேசியை வைத்து, பேரூராட்சித் தலைவர் அதற்குப் பொன்னாடை போர்த்தினார். அடுத்த பொன்னாடை ஜாபருக்கு.

நடந்தது பிறகுதான் தெரிந்தது. பொன்னாடையின் ஜரிகை திரையில் உரசியதில் மேலிருந்து ஒரு பட்டை இறங்கி, அதிலிருந்த வைஃபை தானாகத் திறந்துகொண்டது. எட்டு வருடத்துக்கு முன்னால் மாரப்பன் தங்கை மகள் கல்யாணத்துக்கு அதே மண்டபத்துக்கு வந்தபோது அந்தக் கைபேசி மண்டபத்து வைஃபையில் சேர்ந்திருந்தது. கல்யாண மண்டபங்களில் பாஸ்வேர்டை யாரும் மாற்றுவதில்லை. வாழ்த்துரை, சிறப்புரை, ஏற்புரைக்குப் பதில் செல்வநாயகி சொன்ன இரண்டு வார்த்தை, நன்றியுரை என்று ஒன்றே முக்கால் மணி நேரம் நடந்தது. பார்த்துக்கொள்ள வேண்டிய ஜாபர் கழுத்தில் பொன்னாடையோடு போட்டோவுக்கு நின்றுகொண்டிருந்தார். அந்த நேரத்தில், பொன்னாடைக்கு அடியில், கைபேசியின் வரைபடம் நாலரை வருடத்துச் செய்தியை ஒன்று விடாமல் தெரிந்துகொண்டது.

செவ்வாய்க்கிழமை மழை. வரிசை நின்றது. கைபேசி, இடதுபுறம் திரும்பிச் சுரங்கப்பாதை வழியாகச் செல்லவும் என்றது. செல்வநாயகி நிறுத்தி, திரையைப் பார்த்தாள். கேட் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் கோடு இருந்தது. நேரில் போய்ப் பார்த்தால் வேலி. ஏரிக்கரை வழியாகச் சுற்றிப் போனாள். ஏரி நிரம்பித் தரைப்பாலத்துக்கு மேல் தண்ணீர் ஓடியதில் போலீஸ் திருப்பி அனுப்பிவிட்டது. வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது ஷிப்டு முடிந்திருந்தது. புதனும் வியாழனும் மழை விடவில்லை, அந்தப் பக்கத்து ஆம்புலன்ஸ் அந்தப் பக்கமே நின்றது. ஸ்டெல்லா பட்டன் போனில் கூப்பிட்டு, வெள்ளிக்கிழமை முதல் படுக்கை மாரப்பனுக்கு, எப்படியாவது கொண்டுவந்து சேர்த்துவிடுங்கள் என்றார். எப்படியாவது என்ற சொல்லை அவர் அதற்கு முன் பயன்படுத்தியதில்லை. மாரப்பனுக்குச் செருப்பு ஏறவில்லை, சாய்ந்து படுக்க முடியவில்லை, நாலு வார்த்தைக்கு ஒரு தடவை மூச்சு வாங்கிக்கொண்டு பேசினார்.

பொன்னாடை போட்டவர்களில் யாரும் செல்வநாயகியின் முகத்தைப் பார்க்கவில்லை. ஜாபர் மட்டும் வியாழக்கிழமை வந்து, பழைய வரைபடம் எங்காவது ஒளிந்திருக்கிறதா என்று கைபேசியை அரைநாள் குடைந்து பார்த்தார். இல்லை.

"எந்தப் பேட்டரியா இருந்தாலும் கொண்டாந்திருவேன்க்கா. தெரிஞ்சுக்கிட்டத மறக்க வைக்க எங்கிட்ட டூல்ஸ் இல்ல" என்றார்.

"நீங்க என்ன பண்ணுவீங்க, உடுங்க" என்றாள் அவள்.

வெள்ளிக்கிழமை காலை ஏழேகாலுக்கு அவள் மாரப்பனை ஏற்றிக்கொண்டு திருப்பத்துக்கு வந்தபோது, வழக்கம்போல் பின்னால் வரிசை நின்றது. கைபேசி கெட்டுப்போனது எல்லோருக்கும் தெரியும். இருந்தாலும் முப்பத்தொரு வண்டிகள் வந்திருந்தன. கடைசியில் ஒரு மினி லாரி, அதில் ஒரு கயிற்றுக் கட்டிலும் எட்டு ஆண்களும். வேலியைத் தாண்டித் தண்டவாளத்தின் குறுக்கே மாரப்பனைக் கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய்விடலாம் என்று கந்தவேல் ஏற்பாடு செய்திருந்தார். குனிந்து ஆட்டோவுக்குள் சொன்னார்.

"நாலு பேரு தூக்கற நாள்... தனியா ஒன்னு வரும் கந்தவேலு" என்றார் மாரப்பன். மூச்சு வாங்கிக்கொண்டார். "அன்னிக்கு எட்டு பேரையும்... கூட்டியா. இன்னிக்கு உக்காந்துக்கிட்டே போறேன்."

கைபேசி இடதுபுறம் என்றது. செல்வநாயகி வலதுபுறம் திருப்பினாள். திரும்பிச் செல்லவும் என்றது. மேலே போனாள். மழைக்குள் வேலி தெரிந்தது, சிவப்புப் பலகை தெரிந்தது. அதற்கு இரண்டு அடி முன்னால் நிறுத்தினாள். கைபேசி மீண்டும், திரும்பிச் செல்லவும் என்றது.

பின்னால் யாரோ ஹாரன் அடித்தார்கள். யாரையும் பார்த்து அடித்ததல்ல, முன் வண்டி நின்றால் கை தானாகப் போகும் இடம் அது. அதைக் கேட்டு அடுத்தவர் அடித்தார், பள்ளி வேன் அடித்தது, பால் வண்டிகள் அடித்தன, முப்பத்தொரு வண்டியும் விடாமல் அடித்தன. மூடிய கேட்டின் முன்னால் நின்று ஹாரன் அடிப்பது ரயில் வந்த காலத்திலிருந்து அந்த ஊர்க்காரர்களின் பழக்கம். அதனால் ஒரு நாளும் எந்தக் கேட்டும் திறந்ததில்லை. செல்வநாயகியும் அடித்தாள். நாலு நாளாக அழாதவள், கட்டைவிரலை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தாள்.

காவல் அறைக் கதவு திறந்தது. கேட்கீப்பர் மழைக்கோட்டின் பொத்தானைப் போட்டுக்கொண்டு, இவ்வளவு சத்தம் எதற்கு என்ற முகத்தோடு வெளியே வந்தார். இரும்புச் சக்கரத்தின் கைப்பிடியைப் பிடித்துச் சுற்றினார். எண்ணெய் போட்டிருந்த கீலில் கம்பம் சத்தமில்லாமல் மேலே போயிற்று. கொடியை எடுத்தவர், ஆட்டாமல், நேராக ஆட்டோவிடம் வந்தார். பின்சீட்டில் குனிந்து மாரப்பனின் காலைப் பார்த்தார்.

"செவ்வாக்கெழம காணோமே, என்ன ஆச்சு?" என்றார்.

நாலு வருடத்தில் அவர் பேசிய முதல் பேச்சு. செல்வநாயகி ஹாரனிலிருந்து கட்டைவிரலை எடுத்தாள்.

"போன்ல ஒரு கோளாறுங்ண்ணா. அதான் வர முடியல."

கேட்கீப்பர் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். மழை அவர் தொப்பி விளிம்பிலிருந்து சொட்டியது.

"எந்தப் போனு, தங்கச்சி?"

பதிலுக்கு நிற்காமல் அவர் கொடியை ஆட்டிவிட்டார்.

"முன்னால பாத்து ஓட்டு நாயகி" என்றார் மாரப்பன் பின்னாலிருந்து. "எட்டு மணிக்கு ஊசி குத்தோணும்."

அவள் கியரைப் போட்டாள். ஆட்டோ தண்டவாளத்தில் இரண்டு முறை குலுங்கி இறங்கி மருத்துவமனைச் சாலையில் ஏறியது. பின்னால் பால் வண்டிகளும் பள்ளி வேனும் ஆட்டோக்களும் ஒன்றன்பின் ஒன்றாகக் கடந்தன. கடைசியாக மினி லாரி, அதன் மேல் ஆள் இல்லாத கட்டிலில், இடம் வீணாகாமல், எட்டுப் பேரும் நெருக்கி உட்கார்ந்து வந்தார்கள்.